பாட்டியை எங்கே விடுவது?

பள்ளி விடுமுறை வருகிறது என்றால் பிள்ளைகளுக்குத் தீபாவளி. பெற்றோருக்குக் கணக்குப் பாடம். இது தோட்டத்து வீடுகளுக்கும் தெரியும், பட்டணத்து வீடுகளுக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்குப் பாடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொடங்கியது.

நான் செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கணவர் பிறையில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். மூத்தவனுக்கு வயது 13. சின்னவளுக்கு 9. என் மாமியார் எங்களோடு இருக்கிறார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகளுக்குப் பாட்டி.

"ஈப்போவுக்குப் போகலாம்பா. லாஸ்ட் வேர்ல்டுக்கு!" என்று மூத்தவன் ஆரம்பித்தான். தம்புனில் 2004 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு அவனுடைய வகுப்பில் பாதிப் பேர் போய்விட்டு வந்திருந்தார்கள். அவர் கைப்பேசியில் கட்டணத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டு மாதச் சாமான் பணம் ஒரே பகலில் தண்ணீரில் சறுக்கிப் போய்விடும் என்று இருவருக்கும் புரிந்தது.

பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் வாயைத் திறந்தேன். "அதே தம்புனில் ஒரு குகை இருக்கு. நுழைவுச் சீட்டு வேண்டாம். மலைச்சுவரில் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால மனுஷன் வரைஞ்ச படங்கள் இருக்கு. கொஞ்ச தூரம் நடந்து, படி ஏறிப் போய்ப் பார்க்கலாம்."

"குகையா?" என்று சின்னவள் துள்ளி எழுந்தாள். மூத்தவன் மட்டும் விடவில்லை. "குகை பார்க்க ஈப்போ வரைக்கும் ஏன் போகணும்? பினாங்கில் மலையே இல்லையா?"

நல்ல கேள்வி. ஆசிரியைக்கு நல்ல கேள்வி கிடைத்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. நான் விளக்கத் தொடங்கிவிட்டேன். பினாங்குக் கொடிமலை 833 மீட்டர் உயரம். நம் பக்கத்துப் புக்கிட் மெர்தாஜாம் மலையும் உயரமானதுதான். ஆனால் இவை கருங்கல் மலைகள். கருங்கல் மழைநீரில் எளிதில் கரையாது. ஈப்போவைச் சுற்றிச் சுவர்போல் செங்குத்தாக நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளில் விரிசல் பொந்தாகி, பொந்து குகையாகிறது. பத்துமலைக் குகையும் இப்படி உண்டானதுதான்.

"அப்படின்னா குவார் கெப்பா?" என்றான் அவன். நானும் ஒரு காலத்தில் ஏமாந்த பெயர் அது. மலாய் மொழியில் ‘குவா’ என்றால் குகை. ‘குவார்’ என்பது வட்டார வழக்கில் மேட்டு நிலம். ‘கெப்பா’ என்பது ஒருவகைச் சிப்பி. நம் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், மூடா ஆற்றுப் பக்கம் இருக்கும் அந்த இடத்தில் குகை கிடையாது. ஆதி மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்திருந்த இடம் அது. 2017 ஆம் ஆண்டு அங்கே கட்டட வேலை நடந்தபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ‘பினாங்குப் பெண்’ என்று அவளுக்குப் பெயரும் வைத்தார்கள்.

"சரி, தம்புனுக்கே போகலாம்" என்று மூத்தவன் ஒருவழியாக இறங்கி வந்தான்.

உடனே ஒரு தாளை எடுத்தேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பழக்கமே எதையும் எழுதி வைத்துச் செய் என்பதுதான். புறப்படும் நேரம், பெட்ரோல், சாலைக் கட்டணம், சாப்பாடு, தண்ணீர், குடை, கைவிளக்கு, கட்டுத்துணி, மருந்து என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் இன்னொரு வரியும் எழுதினேன். அப்போது அதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அந்தத் தாள் மேசைமேல் கிடப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆனால் சின்னவளுக்கு நான்தானே படிக்கச் சொல்லிக் கொடுத்தேன்? அவள் தாளை எடுத்துப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியில் வாசிப்பதுபோல் உரக்கப் படித்தாள்.

"கைவிளக்கு இரண்டு. குடை மூன்று. பாட்டி, ஜார்ஜ்டவுன் அத்தை வீட்டில் விடவும்."

குடைக்கும் மருந்துக்கும் பிறகு, சாமான்களின் வரிசையில், "பாட்டி, ஜார்ஜ்டவுன் அத்தை வீட்டில் விடவும்." ஜார்ஜ்டவுன் அத்தை என்றால் என் நாத்தனார்.

வீட்டில் பேச்சு நின்றது. அத்தை முகத்தில் கோபம் இல்லை. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமா கண்ணு, எனக்கு எதுக்குக் குகையும் மலையும்? நீங்க போயிட்டு வாங்க" என்றார். எழுந்து போய்த் துணி மடிக்கத் தொடங்கினார். மடித்து வைத்த துணிகளையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

வாசகச் சகோதரிகளே, நான் கெட்ட மருமகள் இல்லை என்று இங்கே வாதாட வரவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி. சர்க்கரை வேறு. மலை, படி என்றதும் அவரைப் பத்திரமாக விட்டுவிட்டுப் போவதுதான் பொறுப்பு என்று நினைத்தேன். ஆனால் ஒன்று செய்யவில்லை. அவரிடம் கேட்கவில்லை.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, அத்தை இருட்டில் படுத்தபடியே கேட்டார். "ஏம்மா, அந்தக் குகை எவ்வளவு தூரம் நடக்கணும்? நான் முன்ன பால் வெட்டுன மேட்டுக் காடு அளவுக்கு இருக்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் வேறு பக்கம் திரும்பிப் படுத்தார். தூக்கம் வரவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். "14 வயசுல பால் வெட்டப் போனவங்க. விடியறதுக்கு முன்ன பெரட்டு. அப்புறம் ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். மேட்டுல ஏறி, பள்ளத்துல இறங்கி, மத்தியானம் காண்டாக் கம்புல ரெண்டு வாளிப் பாலைத் தூக்கிட்டு ஸ்டோருக்கு வருவாங்க. ரப்பரை அழிச்சுச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்குனாங்க. அவங்க நடந்த நடைக்கு நாம கணக்குப் போட முடியாது."

நான் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அத்தை எங்கெங்கே போயிருக்கிறார்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை. கல்யாண வீடுகள். சாவு வீடுகள். மருத்துவமனை. வேலைக்காகவும் சடங்குக்காகவும் நோய்க்காகவும் போயிருக்கிறார். சும்மா, பார்ப்பதற்காக என்று ஓர் இடத்துக்கும் போனதில்லை.

இன்னொரு நினைவும் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில் இருந்தபோது, மாணவர்களை ஒரு குன்றுக்கு நடைப்பயணம் அழைத்துச் சென்றேன். பிற்பகலில் ஏறத் தொடங்கினோம். நான் முன்னால் போனேன். சுறுசுறுப்பான பையன்கள் என்னோடு ஓடிவந்தார்கள். பாதி வழியில் வானம் கறுத்தது. திரும்பி எண்ணிப் பார்த்தபோது ஒரு பிள்ளை குறைந்தது. மழையில் நனைந்தபடி கீழே ஓடினேன். ஒரு பாறை ஓரத்தில் அந்தப் பெண்பிள்ளை தன் காலணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வார் அறுந்துவிட்டது. "டீச்சர், நான் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல" என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. குற்றம் முழுக்க என்னுடையதே. நடையின் வேகத்தை முன்னால் போகிறவரைக் கொண்டு அளந்தேன். பின்னால் வருகிறவரைக் கொண்டு அளந்திருக்க வேண்டும்.

அதே தவற்றைத்தான் என் வீட்டுத் தாளிலும் செய்திருந்தேன்.

மறுநாள் காலை தேநீர் கலக்கும்போது அத்தையிடம் கேட்டேன். "அத்தை, குகைக்கு நீங்களும் வரீங்களா?"

அவர் உடனே சரி சொல்லவில்லை. "என்னால உங்களுக்குத் தொந்தரவு" என்றார். "வழியில முட்டி புடிச்சுக்கிட்டா?" என்றார். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஈப்போ வரைக்கும் போய்க் கல்லுமலை முருகனைப் பார்க்காம வர்றதாவது?" என்றார். வருகிறேன் என்பதற்கு அதுதான் பதில்.

அதன்பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம். இம்முறை ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

முதல் வேலையாக அரசாங்கக் கிளினிக்கில் அத்தையின் வழக்கமான பரிசோதனை நாளன்று மருத்துவரிடமே கேட்டோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார். மெதுவாக, கைப்பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். வலி கூடினால் திரும்பிவிட வேண்டும். மருந்தும் சாப்பாடும் நேரம் தவறக்கூடாது என்றார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க இனிப்பு மிட்டாய் கையில் இருக்கட்டும் என்றார்.

அடுத்து என் கணவர் ஒரு யோசனை சொன்னார். "நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி நடைக்கும் ஒத்திகை பார்ப்போம்." ஒரு சனிக்கிழமை காலை செரோக் தோக்குனுக்குப் போனோம்.

புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரம் அது. செயிண்ட் ஆன் தேவாலயத்தை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள். ஜூலை மாதத் திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். நம் தமிழ்க் கிறிஸ்துவர்களும் திரளாக வருகிறார்கள். அந்தத் தேவாலய வளாகத்தில் எழுத்து வெட்டிய ஒரு பெரிய பாறை இருக்கிறது. 1840களில் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். தென்னிந்தியாவில் பல்லவர் காலத்தை ஒட்டி வழங்கிய எழுத்து வகை. மொழி சமஸ்கிருதம். மழையிலும் வெயிலிலும் மிகவும் தேய்ந்துவிட்டது.

இதே லோ 1834 ஆம் ஆண்டு இந்த வட்டாரத்திலேயே இன்னொரு கல்லையும் கண்டெடுத்தார். அது இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பெயர் வெட்டப்பட்டுள்ளது. அவன் 5 ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவன் என்கிறார்கள். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலும் அந்தக் கல்லில் உண்டு. பாருங்கள், புறப்படுவதற்கு முன் மனம் அடித்துக்கொள்வது 1,500 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறது. கடல் கடந்து வந்த கப்பல் தலைவனுக்கும் அதே கவலைதான். கார் ஏறி ஈப்போ போகும் நமக்கும் அதே கவலைதான்.

இதையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்தவன் எழுத்தை உற்றுப் பார்த்து, "ஒண்ணும் படிக்க முடியலம்மா" என்றான்.

அத்தை சிரித்தார். "எனக்கு இந்தக் கல்லும் ஒண்ணுதான், உங்க அப்பன் படிக்கிற பேப்பரும் ஒண்ணுதான்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் நான் முழுமனத்தோடு சிரிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவிக்கும் நான், என் வீட்டுக்குள் இத்தனை வருஷம் இருக்கும் ஒருவரிடம் ‘அ’ எழுதிக் காட்டலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கிருந்து அருகிலுள்ள வனப் பூங்காவில் நடந்தோம். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு 20 நிமிடம் ஆகும் தூரத்தை அத்தை 40 நிமிடத்தில் நடந்தார். இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் நோகிறது என்று தெரிந்தது. போட்டிருந்த சிலிப்பர் ஈரத்தரையில் வழுக்கியது. இவை எல்லாம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாத விஷயங்கள்.

ஆகவே எங்கள் இரண்டாவது திட்டம் இப்படி அமைந்தது. உங்கள் குடும்பத்துக்கும் உதவலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

எல்லா நேரத்தையும் அத்தையின் நடைக்கு இரட்டிப்பாகக் கணக்கிட்டோம். அதிகாலை ஐந்தரைக்குப் புறப்படுவது; வெயில் ஏறுமுன் நடையை முடிப்பது. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் குகையை விட்டுவிட்டுக் கோயிலோடு திரும்புவது. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அங்கே போய்ச் சொன்னால் அழுகை வரும்.

அத்தை முன்னால் நடப்பார். அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. கடைசி ஆளாக என் கணவர் வருவார். முன்னால் நடப்பவர் மெதுவாக நடந்தால் எவரும் பின்தங்க மாட்டார்கள். இந்த எளிய விஷயம் எனக்கு ஒரு பிள்ளையின் கண்ணீரால் தெரிந்தது.

எல்லாருக்கும் பிடிமானமுள்ள காலணி. ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வாழை இலையில் கட்டுவது. நான் அவித்த முட்டை என்று எழுதியதும், "கோயிலுக்குப் போறோம்மா" என்று அத்தை அடிக்கச் சொன்னார். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது. ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 999 என்பதைச் சின்னவளும் மனப்பாடம் செய்தாள்.

சுண்ணாம்புமலை பற்றி ஓர் எச்சரிக்கையும் எழுதினோம். ஈப்போவில் 1973 ஆம் ஆண்டு அக்டோபரில் குனோங் செரோ மலையிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து விழுந்தது. மலையடிவாரத்தில் குடியிருந்தவர்களில் 40 பேர் அளவுக்கு மாண்டுபோனார்கள். அந்த மலையில்தான் கல்லுமலைக் கோயில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகை தந்த அதே மழைநீர்தான் விரிசலையும் பெரிதாக்குகிறது. எனவே மழை பெய்து ஓய்ந்த உடனே மலைச்சுவரை ஒட்டிப் பாய் விரித்துச் சாப்பிட உட்காரக்கூடாது என்று முடிவு செய்தோம்.

கடைசியாகக் கைத்தடி. கடையில் வாங்கலாம் என்று நான் சொன்னேன். அத்தை வீட்டுக்குப் பின்புறம் போய், மூலையில் சாத்தியிருந்த காண்டாக் கம்பை எடுத்து வந்தார். பால் வாளிகளைச் சுமந்த அதே கம்பு. நடுவில் தோள்பட்ட இடம் மழமழவென்று தேய்ந்திருந்தது. "இதைப் பாதியா அறுத்துக் குடு" என்று மகனிடம் நீட்டினார். அவர் தயங்கினார். "அறுடா. இம்புட்டு நாளு நான் இதைச் சுமந்தேன். இனிமே இது என்னைச் சுமக்கட்டும்."

குறித்த நாள் வந்தது. மழை இல்லை. எங்கள் பழைய புரோட்டோன் சாகாவில் ஐந்து பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். பிள்ளைகள் தைப்பிங் தாண்டுமுன் தூங்கிவிட்டார்கள். அத்தை மட்டும் தூங்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, விடியும் வெளிச்சத்தில் ஓடும் ஒவ்வொரு தோட்டத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். "இது இளஞ்செடி. இது மறுநடவு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தம்புனில் மலைச்சுவர் கண்ணில் பட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். அவ்வளவு செங்குத்து. பாதையில் அத்தை முன்னால் நடந்தார். படியில் ஏறும்போது பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். அவர் நின்றபோது நாங்களும் நின்றோம். நின்றதால்தான் மூத்தவன் ஒரு பாறை இடுக்கில் வேர்விட்டு நின்ற மரத்தைக் கவனித்தான். ஓடியிருந்தால் அவன் கண்ணில் அது பட்டிருக்காது. "போதுமா அத்தை, திரும்பலாமா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். கம்பை ஊன்றிக்கொண்டு, "ஏன், உனக்கு மூச்சு வாங்குதா?" என்றார்.

மேலே போனதும் சின்னவள் இருட்டுக் குகையை எதிர்பார்த்துக் கைவிளக்கை எரியவிட்டாள். அது இருட்டுக் குகை இல்லை. மலை தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல், மழை படாத ஒரு திறந்த தாழ்வாரம். சுவரில் செம்மண் நிறத்தில் படங்கள். 1959 ஆம் ஆண்டு கூர்க்காப் படை அதிகாரி ஒருவர் இவற்றைக் கண்டு வெளியுலகுக்குத் தெரிவித்தார். பின்னாளில் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 600க்கும் மேற்பட்ட உருவங்களை எண்ணிப் பதிவு செய்தார்கள். சில படங்களுக்குப் பக்கத்திலேயே இந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கியும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை நான் சுவரைத் தொட விடவில்லை. கை எண்ணெய் பட்டாலும் அந்த வண்ணம் கெடும்.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அத்தையின் குரல் கேட்டது.

"இந்தா பாரு, மானு. வயிறு பெருத்திருக்கு, சினை மானு போல. அந்தா, ஒரு ஆளு நிக்கிறான். இது என்ன மீனா? மீனுக்கு இவ்வளவு தடிச்ச உடம்பு ஏது?"

"அது கடற்பசு பாட்டி" என்றான் மூத்தவன். "டுகோங்." இத்தனை உள்நாட்டில் கடல் பிராணியை ஏன் வரைந்தார்கள் என்று அவனே என்னைக் கேட்டான். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு விடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. கரை இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. குவார் கெப்பாவில் சிப்பி தின்ற மக்களுக்கும் அந்தக் கடல்தான் சோறு போட்டது என்றேன். அவன் தலையாட்டினான். ஆனால் அவன் கவனம் என்னிடம் இல்லை. பாட்டியிடம் இருந்தது.

அத்தை கம்பை ஊன்றி நின்று, ஒவ்வொரு படமாக அவனுக்கும் சின்னவளுக்கும் சொல்லிக்கொண்டு போனார். தோட்டத்துக் காட்டோரத்தில் விடியற்காலையில் மான் எப்படிக் கழுத்தைத் திருப்பும் என்று காட்டினார். காட்டுப் பன்றி வந்தால் பால் வெட்டுகிறவர்கள் எப்படி மங்கைத் தட்டி ஓசை எழுப்புவார்கள் என்று சொன்னார். நான் ஒரு பக்கத்தில் மாணவிபோல் நின்று கேட்டேன். கல்லில் வெட்டிய எழுத்து எங்கள் எல்லாரையும் கைவிட்டது. இந்தச் சுவரைப் படிக்க அத்தைக்குத் தெரிந்திருந்தது.

"இதுக்குப் படிப்பு வேணாம் போல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இறங்குவதற்கு ஏறியதைவிட நேரம் பிடித்தது. திட்டத்தில் அதற்கும் இடம் விட்டிருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. கல்லுமலையில் அர்ச்சனை செய்துவிட்டு, மரநிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். மழை எங்களுக்காகக் காத்திருந்ததுபோல், காரில் ஏறிய பிறகே கொட்டியது.

வீட்டுக்கு வந்து அத்தையின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் வலி இருந்தது. அதை மறைக்கவில்லை அவர். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் வலியைப் பற்றிச் சொன்னதைவிட மானைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை நான் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, அடுத்த லீவுக்கு எங்க?" என்றார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். முதல் வரியில் அவருடைய பெயரை எழுதினேன். "இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார்.